வெந்நீர் காட்டிக் கொடுத்த வியாதி

என்னைப் பார்த்து யாராவது "உடம்பு எப்படி இருக்கு தனம்?" என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் வந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான். உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடிக்காமல் விடமாட்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல வெளியே நழுவிவிடுவார். கதையின் கடைசியில் அவர் வருகிற இடம் அவருக்கு வெட்கம். இப்போது எழுதுவதால் அவரால் நழுவவும் முடியாது.

இரண்டு வியாதிகளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஒன்று எனக்கு இருப்பதாக எல்லோரும் நம்பியது. இன்னொன்று எனக்கு உண்மையாகவே இருந்தது. இரண்டும் வாசலில் வந்து நிற்கும்போது ஒரே முகமாகத்தான் இருக்கும். கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும். எது எது என்று தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டை இன்னொரு குடும்பம் படக்கூடாது என்றுதான் பேனாவைப் பிடித்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவள் நான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம், மலை மேல் இருக்கிற தானா ராத்தா ஊரிலிருந்து இன்னும் வளைவுகளில் உள்ளே போக வேண்டும். நான் கொழுந்து கிள்ளும் வேலை. என் வீட்டுக்காரர் ராசையா மருந்து கேங்கில் இருந்தார். முதுகில் மருந்து டாங்கியான தோம்பைக் கட்டிக்கொண்டு தேயிலைக்குப் பூச்சி மருந்தும் புல்லுக்குக் களை மருந்தும் அடிப்பது அவர் வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தேயிலைச் செடி வரிசையான நிரையில் யார் முந்துவது என்று வந்தால் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து, மழை விடாமல் பிடித்துக்கொண்ட காலத்தில் ஆரம்பித்தது. வெறுங்காலில் நடந்தாலும் காலுறை போட்டுக்கொண்டு நடப்பது போல இருந்தது. குளிர் என்று நினைத்தேன். பிறகு அந்த மரப்பு கணுக்காலைத் தாண்டியது, முழங்காலைத் தாண்டியது, இடுப்பில் வந்து நின்றது. வயிற்றைச் சுற்றி யாரோ அகலமான பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட்ட மாதிரி ஒரு பிடிப்பு. கொழுந்து பார்க்கத் தலையைக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாகக் கால்வரை சுரீரென்று கரண்ட் பாயும். நிமிர்ந்தால் நின்றுவிடும். முதல் தடவை பயந்துபோய்க் கூடையோடு செடியில் விழுந்தேன். அப்புறம் வேண்டுமென்றே குனிந்து குனிந்து பார்ப்பேன், இன்னும் வருகிறதா என்று. என் புத்தி அப்படி.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் காலில் ஊசியால் அங்கங்கே குத்திப் பார்த்தார். நல்ல மனுஷன், எங்கள் லயத்துப் பிள்ளைகள் பாதிக்கு அவர்தான் ஊசி போட்டிருப்பார். கை கால் நுனியில் இருக்கிற நரம்புகள் கெட்டுப் போனால் இப்படித்தான் மரக்கும் என்றார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதியாலும் வரும், சத்துக் குறைந்தாலும் வரும், குடித்தாலும் வரும். இங்கிலீசில் பெரிஃபரல் நியூரோபதி என்று பேர் சொன்னார். நான் அதற்கு நுனி நரம்பு வியாதி என்று பேர் வைத்துக்கொண்டேன். கடைசியாக, என் வீட்டுக்காரரைப் பார்த்து, மருந்து அடிக்கிற வீடாச்சே, சட்டை துவைக்கிற கை வழியாக விஷம் ஏறினாலும் வரலாம், எதற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார்.

வரலாம் என்றுதான் சொன்னார். ஆனால் என் வீட்டுக்காரர் காதில், மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன், வந்துவிட்டது என்று விழுந்தது. அவர் மருந்துச் சட்டையைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து துவைத்தது நான்தானே.

மறுநாளிலிருந்து சட்டையை என்னைத் தொடவிடாமல் வெளிப் பைப்படியில் தானே துவைத்தார். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் வாசற்படி ஏறுவார். சாப்பிடும்போது என்னைவிட்டுத் தள்ளி உட்காருவார். எங்கள் மகள் செல்வி, "அப்பா ஏன் சுவத்தோட ஒட்டிக்கிட்டு சாப்பிடுறாரு?" என்று கேட்டாள். எனக்குக் கால் மரத்ததைவிட அதுதான் வலித்தது.

அடுத்தது வெந்நீர். எங்கள் மலையில் வேலை முடிந்து வந்தால் வெந்நீர்க் குளியல் இல்லாமல் யாரும் படுக்க மாட்டார்கள். அந்தக் குளிருக்கு அது சோறு மாதிரி. ஆனால் மாமா எனக்கு வைத்த வெந்நீர் வேறு ஜாதி. மண்ணெண்ணெய் டின் நிறையத் தண்ணீரை ஏற்றி, பக்கத்து வீட்டு மேரியக்கா ஒடித்துக் கொண்டுவந்து தரும் தைல மரத்து இலையைப் போட்டு, கொதிக்கக் கொதிக்க விளாவி என் தலையில் ஊற்றுவார். விஷம் வேர்வையாக இறங்கிவிடும் என்று இருவரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். குளித்து எழுந்தால் கால் துணியாகத் துவண்டுவிடும். மேரியக்காவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலில் கிடத்துவார்கள். வலது கண்ணில் புகை மூடியது போல எல்லாம் சாம்பலாகத் தெரியும். ஆவி பட்டதால் என்று நினைத்துக்கொள்வேன். சோறு ஆக்குகிற நேரத்திற்குள் கண்ணும் தெளியும், காலும் ஓரளவு வரும். விஷம் இறங்குகிறது என்று மாமா சந்தோஷப்படுவார். மறுநாள் இன்னும் கொஞ்சம் சூடு கூட்டுவார்.

லயத்தில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். மலைக் குளிர் நரம்புக்கு ஆகாது, கீழே வெயில் ஊருக்குக் கூட்டிப் போ என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. மாமாவின் அண்ணன் கிள்ளான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருந்தார். அங்கே வேலைக்குச் சொல்லிவைத்தாயிற்று. மாசக் கடைசியில் விலகிக்கொள்கிறேன் என்று மாமா தோட்ட ஆபீஸ் கிராணியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தோட்டத்தில் வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. நான் பிறந்தது, நடந்தது, நிரை பிடித்தது எல்லாம் இந்த மலையில். கீழே போக எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் விஷத்தையும் குளிரையும் விட்டு உன்னைக் காப்பாற்றிக் கொண்டுபோகிறேன் என்று நிற்கிற மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது? சண்டை போட எழுந்து நிற்கவாவது கால் வேண்டாமா?

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கிருந்த டாக்டர் காலை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, இது நரம்புக்கென்றே படித்தவர் பார்க்க வேண்டியது என்று கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்தார். தாப்பா ரோட்டில் பஸ் இறங்க இறங்கச் சூடு ஏறியது. வாந்தி எடுக்காத ஆள் பஸ்ஸில் டிரைவர் ஒருவர்தான். கோலாலம்பூரில் இறங்கி வெயிலில் கொஞ்ச தூரம் நடந்ததும் என் கால்கள் இரண்டும் வேலை நிறுத்தம் செய்துவிட்டன. பஸ் நிலையத்தில் அத்தனை பேர் பார்க்க மாமா என்னைத் தூக்கிக்கொண்டு டாக்சிக்கு நடந்தார். கல்யாணத்தன்றுகூட என் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டவர்.

வார்டில் சேர்த்துவிட்டு அவர் திரும்ப வேண்டியிருந்தது. பிள்ளை மேரியக்கா வீட்டில். இருக்கிற வேலையை முடித்துக் கொடுத்து, சாமான் கட்ட வேண்டும். கட்டில் ஓரத்தில் நின்றவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வெளியாளு வெச்சா விஷம்னு தெரியும், தனம். நான் தெனமும் வீட்டுக்குக் கொண்டாந்து உன் கையில குடுத்தேன்லா."

பதில் சொல்வதற்குள் நடந்துவிட்டார். அந்தப் பெரிய வார்டில், மின்விசிறி சத்தத்தில், நான் அழுதேன். காலுக்காக இல்லை. இந்த மனுஷன் சாகிறவரைக்கும் இப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டு சாப்பிடப் போகிறாரே என்று.

பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்கார அம்மாவை எல்லோரும் மக்சிக் என்றோம், மலாயில் அத்தை என்று அர்த்தம். இனிப்பு நீர்க்காரி. நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவருக்குத் தெரியாது. கொதிக்கிற தாரில் கால் வைத்துக் கொப்புளம் போட்டதும் தெரியாமல் இருந்தவர். அவருக்கு இருந்ததுதான் அசல் நுனி நரம்பு வியாதி. நான் என் மலாயை உடைத்து உடைத்துப் பேச, அவர் சிரித்துச் சிரித்து, இரண்டே நாளில் கூட்டாளியாகிவிட்டோம். ஒரே வியாதிக்காரிகள் என்று இருவரும் நம்பினோம்.

நரம்பு டாக்டர் ஒரு தமிழ் அம்மா. பினாங்கில் பிறந்தவர், தமிழைக் கொஞ்சம் யோசித்து யோசித்துப் பேசுவார். ரப்பர் வைத்த சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். என் கால் எகிறி அவர் வெள்ளைக் கோட்டிலேயே பட்டது. நான் வெலவெலத்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, இன்னும் இரண்டு தடவை தட்டினார். இரண்டு தடவையும் உதைத்தேன். பிறகு சாவி நுனியால் உள்ளங்காலில் கீறினார். கட்டைவிரல் மேல்நோக்கி எழுந்து நின்றது. அப்புறம் மக்சிக்கிடம் போய்த் தட்டினார். மக்சிக்கின் கால் அசையவே இல்லை. கணுக்காலில் தட்டினார், அதுவும் சும்மா கிடந்தது.

ஒரே வியாதி என்றால் ஒரு கால் ஏன் உதைக்க வேண்டும், ஒரு கால் ஏன் தூங்க வேண்டும்? டாக்டரம்மா அடுத்த வார்டுக்குப் போகும்வரை காத்திருந்து, மக்சிக்கின் காலில் நானே கையால் தட்டிப் பார்த்தேன். நர்ஸ் மிஸ்ஸி வந்து இருவரையும் திட்டினார்.

பிறகு பரிசோதனைகள். முதலில் கால் நரம்பில் சின்னச் சின்னக் கரண்ட் கொடுத்து, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் மெஷின். சுள் சுள்ளென்று இருக்கும், தாங்கலாம். மக்சிக்கின் காலில் கரண்ட் மெதுவாக ஊர்ந்தது. எனக்கு ஒழுங்காக ஓடியது. நுனி நரம்பில் கோளாறு இல்லை என்றார்கள். அப்படியானால் எங்கே கோளாறு என்று கேட்டேன். அதைத்தான் தேடுகிறோம் என்றார் டாக்டரம்மா. அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. பேர் இருக்கிற வியாதியை ஏசவாவது செய்யலாம். பேரே தெரியாததை என்ன செய்வது?

ஒருநாள் மத்தியானம் வார்டு கொதித்துக்கொண்டிருந்தது. என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஏர்கோன் போட்ட குளிர் அறை ஒன்றுக்குப் போனார்கள். ஏதோ பரிசோதனைக்கு மெஷின் தயாராகக் காத்திருக்க வேண்டும் என்று அங்கே நெடுநேரம் உட்கார வைத்துவிட்டார்கள். மெஷின்களுக்காகப் போட்ட குளிர், எங்கள் மலை உச்சியில் இருக்கிற கியா பார்ம் காலை மாதிரி இருந்தது. மிஸ்ஸிகள் எல்லாம் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். நான் மட்டும் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மெஷின் ரிப்பேர், நாளைக்கு வா என்றார்கள். சரி என்று எழுந்தேன். எழுந்தேன் என்றால், பிடிமானம் இல்லாமல் எழுந்தேன்! சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு கதவுவரை வந்துவிட்டேன். கதவுக்கு வெளியே வந்து, வெயில் காரிடாரில் பாதி வழியில் கால் மறுபடியும் துவண்டது.

டாக்டரம்மா வந்ததும் இதை மூச்சு விடாமல் சொன்னேன். குளிரில் கால் வருகிறது, சூட்டில் போகிறது, வீட்டிலும் வெந்நீர் ஊற்றினால் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"வெந்நீர் ஊத்தினா என்ன ஆகும்? மெதுவா சொல்லுங்க."

"காலு தொவண்டுரும் டாக்டர். கண்ணு சாம்பல் பூத்துரும். சோறு ஆக்கி எறக்குறதுக்குள்ள சரியாயிரும். ஆவிதான்."

"எந்தக் கண்?"

"வலது."

"ஆவி பட்டா ரெண்டு கண்ணும்தானே மங்கணும்?"

அத்தனை மாசம் குளித்தவளுக்கு அது தோன்றவே இல்லை. அந்தக் கண்ணில் முன்பு எப்போதாவது கோளாறு வந்ததா என்று அடுத்து கேட்டார். வந்தது. அதற்கு முந்தின வருஷம் வலது கண் பார்வை சில வாரம் மங்கி, கண்ணைத் திருப்பினால் உள்ளே வலித்தது. சிவப்பு மிளகாய் அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளுத்துத் தெரிந்தது. விறகுப் புகை என்று நினைத்தேன், தானாகச் சரியாகிவிட்டது. கால் வியாதிக்கு வந்த இடத்தில் ஆறிப்போன கண்ணைப் பற்றி யார் சொல்வார்கள்? கால் எங்கே, கண் எங்கே?

"அங்கதான் விஷயமே இருக்கு," என்றார் டாக்டரம்மா.

மறுநாள் மெஷின் சரியாகி, தலையில் ஒயர்களை ஒட்டி, டிவி பெட்டி மாதிரி ஒன்றில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறி மாறி ஓடுவதை ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வைத்தார்கள். இடது கண் பார்த்தது மூளைக்கு உடனே போய்ச் சேர்ந்தது. வலது கண் பார்த்தது தாமதமாகப் போனது. பிறகு முதுகுத் தண்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்தார்கள். இறால் மாதிரிச் சுருண்டு படுக்கச் சொன்னார்கள். ஊசியைவிட அதற்கப்புறம் வந்த தலைவலிதான் பொல்லாதது. மக்சிக் தன் கட்டிலை விட்டு இறங்கி, உணர்ச்சி இல்லாத காலால் தட்டித் தடவி வந்து, என் நெற்றியைப் பிடித்துவிட்டார்.

எல்லாம் முடிந்து டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எனக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்றார். பேரைச் சொல்லவே எனக்கு ஒரு நாள் பிடித்தது. அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தோட்டத்துக்குப் பெரிய கம்பியில் கரண்ட் வருகிறது. அங்கிருந்து வீட்டுக்கு வீடு சின்ன ஒயர் போகிறது. மக்சிக்கின் சின்ன ஒயர்கள் கெட்டிருக்கின்றன. அதனால்தான் தூரத்தில் இருக்கிற பாதத்தில் ஆரம்பித்து இரண்டு காலும் ஒன்றுபோல மரத்து, தட்டினாலும் அசையாமல் கிடக்கின்றன. எனக்கு மூளையும் முதுகுத் தண்டும் ஆன பெரிய கம்பியில், மேலே சுற்றியிருக்கிற உறை அங்கங்கே உரிந்திருக்கிறது. கண்ணுக்குப் போகிற நரம்பும் மூளையைச் சேர்ந்ததுதான். அதனால் ஒரு வருஷம் கண், மறு வருஷம் கால். மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததால் தட்டினால் கால் எகிறுகிறது. உறை உரிந்த கம்பி சூட்டில் இன்னும் சோர்ந்துபோகும், குளிர்ந்தால் மீளும். வெந்நீர் வியாதியைக் கூட்டவில்லை, ஒளிந்திருந்ததைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இப்போது வந்திருப்பதைச் சீக்கிரம் தணிக்க மருந்து உண்டு, அடியோடு தீர்க்க இன்னும் இல்லை என்றார். வரும், போகும், வருஷக்கணக்கில் வராமலும் இருக்கும், சிலருக்கு ஊனமும் தங்கும், வாக்குக் கொடுக்க முடியாது என்றார். ஒளிக்காமல் சொன்னார். பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் செல்வியின் முகத்தைத் தவிர எதுவும் மனசில் ஓடவில்லை.

அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"டாக்டர், இது பூச்சி மருந்தால வந்ததா?"

"இல்லை."

"எங்க வீட்டுக்காரரு சட்டையத் தொவச்சதால?"

"அதனால இல்லை. எதனால வருதுன்னு உலகத்துல யாருக்கும் இன்னும் சரியா தெரியாது. ஆனா நீங்க சட்டை துவைச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

கட்டிலை விட்டு இறங்கி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். டாக்டரம்மா எனக்கு வியாதியே இல்லை என்று சொல்லிவிட்டதாக நினைத்து மக்சிக் அல்ஹம்துலில்லா என்றார். வெயில் ஊருக்குக் குடி போகலாமா என்றும் கேட்டுவைத்தேன். டாக்டரம்மா, குளிர் ஊரில் இருக்கிறவர் எதற்காக வெயிலைத் தேடி வர வேண்டும், தினமும் அவஸ்தைதானே, பேசாமல் மலையிலேயே இருங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

நம்ம ஆட்களுக்கு இது அபூர்வமாகத்தான் வருமாம். அதனால் படிக்கிற டாக்டர் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரிச் சுற்றி நின்று என் காலைத் தட்டிவிட்டுப் போனார்கள். நானும் குறை வைக்காமல் உதைத்தேன். ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள். முகம் இட்லி மாதிரி உப்பியது, பசி தாங்கவில்லை, தூக்கம் போய் வாய் ஓயாமல் பேசினேன். மருந்து சிலருக்கு அப்படிக் குஷியைக் கொடுக்கும் என்று மிஸ்ஸி சொன்னார். இவள் வருகிறபோதே அப்படித்தான் என்று மக்சிக் சாட்சி சொன்னார். மூன்றாம் வகுப்பு வார்டு என்பதால் பில்லும் பயமுறுத்தவில்லை.

மாமா கூட்டிப்போக வந்தார். பஸ் ஏறியதிலிருந்து சொன்னேன், தாப்பா வரை சொன்னேன், மலை ஏறும்போதும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தார், தலையை ஆட்டினார். பாதி மலையில் ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி, "நீ என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற, தனம்," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை மெஷின் சொன்னது, முதுகில் ஊசி குத்திச் சொன்னது, இந்த மனுஷனுக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்தால் பெட்டியெல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மாசக் கடைசிக்கு இன்னும் இரண்டே நாள்.

"வெந்நீர் போடுங்க," என்றேன்.

அவர் பழைய வழக்கம்போல டின்னை ஏற்றினார். டாக்டரம்மா வெந்நீர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். இந்த ஒரே ஒரு முறைக்கு அவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். விழாமல் இருக்க முக்காலியில் உட்கார்ந்தேன். குளிப்பதற்கு முன்னால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரில் தொங்கிய நாள்காட்டியில் பொடி எழுத்தில் இருந்த ராகு காலத்தை வாசித்துக் காட்டினேன். பிறகு அவர் ஊற்றினார், செம்பு செம்பாக. ஊற்றி முடித்ததும் மறுபடியும் இடது கண்ணைப் பொத்தினேன். ராகு காலம் மட்டுமில்லை, கொட்டை எழுத்துத் தேதியே காணோம். நாள்காட்டி இருந்த இடத்தில் சாம்பல்.

"வெரல காட்டுங்க," என்றேன். காட்டினார். எத்தனை என்று சொல்ல முடியவில்லை. அவர் முகம் எப்படி இருந்தது என்றும் எனக்குத் தெரியவில்லை.

"இப்ப பச்சத் தண்ணி ஊத்துங்க."

அவர் கை தயங்கியது. திட்டி ஊற்ற வைத்தேன். எங்கள் மலைத் தண்ணீர் எலும்பைத் தொடும், தெரியும்தானே. பல் கிடுகிடுவென்று அடிக்க, ஈரத் துண்டோடு பின்வாசல் பனியில் உட்கார்ந்தேன். செல்வி என் மடியில் சாய வந்து, ஜில்லென்று இருக்கிறது என்று ஓடிவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் கலைந்தது. உள்ளே வந்து முதலில் தேதியை வாசித்தேன், பிறகு ராகு காலத்தை வாசித்தேன், பிறகு கீழே அச்சடித்திருந்த கடைப் பேரையும் சேர்த்து வாசித்தேன்.

"வெசம் ஏறினா, சூட்டுக்கு ஏறி குளிருக்கு எறங்கி வெளையாடுமா மாமா? கையில பட்ட மருந்துக்கு எங் கண்ணுல என்ன வேலை?"

அவர் கட்டிப்போட்ட பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"அப்ப நான் இல்லையா?" என்றார்.

"நீங்க இல்ல."

கையில் செம்பு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குக் கிடைக்கிற விறகு ஒரு டின்னுக்குத்தான் போதும். அத்தனை மாசமும் அந்த ஒரு டின்னை என் தலையில் ஊற்றிவிட்டு, மருந்துத் தோம்பு சுமந்து வந்த மனுஷன் அந்தக் குளிரில் வெளிப் பைப்பில் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறார். தனக்குத் தண்டனை என்று நினைத்திருப்பார். டின்னில் பாதி வெந்நீர் மீதி இருந்தது.

"போயி குளிங்க," என்றேன்.

வேண்டாம் என்றார். தள்ளிவிட்டேன். குளியலறைக் கதவை மூடிக்கொண்டார். ஒரு செம்பு விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அதற்கப்புறம் அடுத்த செம்பு. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், தொடை இடிக்க. செல்வி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

விடிந்ததும் கிராணியிடம் போனார். வீட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நாலு திட்டுத் திட்டிவிட்டு, மேனேஜர் துரையிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்றாராம் கிராணி. பெட்டிக் கயிற்றை நானே அவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. ஒருமுறை இடது கைக்கு வந்தது, போனது. இன்னும் வரலாம். வந்தால் பார்த்துக்கொள்ளலாம். மெதுவாகத்தான் என்றாலும் நிரை பிடிக்கிறேன். கால் மரத்தால் உடனே யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள், உங்களையும் ஆக்கிக்கொள்ளாதீர்கள். கண்ணில், காலில், எப்போதோ வந்து போனதையெல்லாம் ஒன்றுவிடாமல் டாக்டரிடம் கொட்டுங்கள். மக்சிக் தன் காலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்த்துக் காப்பாற்றிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்.

இப்போது சாயங்காலமானால் நான் பச்சைத் தண்ணீரில் அலறிக்கொண்டே குளித்து முடித்துவிடுவேன். பிறகு டின்னை அடுப்பில் ஏற்றுவேன், தைல இலையைக் கிள்ளிப் போடுவேன். அவர் வந்து தலையைக் குனிந்து முக்காலியில் உட்காருவார். சூடு போதும் தனம், போதும் என்பார். நான் இன்னொரு செம்பு ஊற்றுவேன்.